‘ஆட்டிச ஆசிரியர்’ என்னும் தொடர்: கலைச்சொல்லும் திணையும் மொழிபெயர்ப்பும்

‘தமிழாசிரியர்’ என்பது தமிழைக் கற்பிப்பவரைக் குறிக்கும். ‘கணித ஆசிரியர்’, ‘வரலாற்று ஆசிரியர்’ என்பனவும் அத்தகையனவே. இவ்வாய்பாட்டில் ‘ஆட்டிச ஆசிரியர்’ என்று ஒரு தொடரை அமைப்பின், ஆட்டிசமுடைய சிறார்க்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் என்றே தமிழறிந்தார் அதற்குப் பொருள் கொள்வர். ஆட்டிசத்தைத் தம் இயல்பாக உடைய ஒருவர் கல்லூரியில் விலங்கியலோ மொழியியலோ கற்பிக்கிறார் என்னும் பொருள் அத்தொடரில் எளிதில் தோன்றுவதில்லை. தொகைநிலைத் தொடருக்கு இயல்பான கவர்பொருள் இது என்று கூறி அமைதி கண்டுவிடலாம். எனினும், இருபொருளுள் ஒன்று மட்டுமே கேட்போர் உள்ளத்தில் எழுவதற்கு இலக்கணம் மட்டும் காரணமன்று. ஆட்டிசம் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பெற்றவற்றுள் அவ்வியல்புடையவர் கற்பவராகவும் பேணப்படுபவராகவும் வருகின்றாரேயன்றிக் கற்பிப்பவராக வருவது மிக அரிது. ஒரு மொழியின் கலைச்சொற்களும் திணைப்பாகுபாடும் உயர்கல்வி ஆசிரியர் ஒருவரைக் காணவொட்டாமல் எவ்வாறு மறைக்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. பன்மொழியாளர் கூடி வாழும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் இவ்வாய்வுக்கு இரு சான்றுகளைத் தருகின்றன. ஒன்று மானிடவியல் வரலாற்றைச் சார்ந்தது. மற்றொன்று இன்றைய கல்லூரி வகுப்பறையைச் சார்ந்தது.

சொற்கள்

ஆட்டிசம் என்னும் சொல் ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்து உளமருத்துவர் ஒய்கன் பிளாய்லர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனச்சிதைவின் ஒரு கூறினைக் குறிக்க இதனை ஆக்கினார். 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய தம் கட்டுரையில் இச்சொல்லைத் தனியொரு நிலைக்கு உரியதாக்கினார். தமிழில் இதற்கு ‘மதியிறுக்கம்’, ‘மன இறுக்கம்’ முதலிய ஆக்கங்கள் வழங்குகின்றன. தமிழக அரசின் ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் நீண்ட தொடர் இடம்பெறுகிறது.

இவற்றுள் ‘மன இறுக்கம்’ பொதுவழக்கில் கவலையால் வரும் உளநெருக்கடியைக் குறிப்பதாகலின் கலைச்சொல்லாகத் தகுதி பெறாது. ‘மதியிறுக்கம்’ அக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. ஆயினும் மதி என்பது அறிவையும் சுட்டுதலின் அறிவு இறுகிப்போயிற்று என்னும் தீர்ப்பினையும் உடன் கொணர்கிறது. மூன்றாவது தொடரே பெருங்குறையுடையது. அது ஒரு நிலைக்குப் பெயரிடவில்லை; அந்நிலை பற்றிய பழைய கருதுகோள் ஒன்றினை உண்மையெனக் கொண்டு கூறிவிடுகிறது. புறவுலகை விடுத்து அகத்தே ஒடுங்குதல் என்பது பிளாய்லர் காலத்து விளக்கம். கருதுகோள் மாறியபின் பெயர் மட்டும் பழைய கருதுகோளைச் சுமந்து நிற்பது கலைச்சொல்லாக்கத்தில் காணப்படும் பொதுவான இடர்ப்பாடாகும்.

இத்தொடரின் பிழையை உணர்த்த ஒரு பேராசிரியரின் பணியே போதும். 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர். தம் ஆட்டிசத்தைப் பற்றி 1986இலும் 1995இலும் நூல்கள் வெளியிட்டவர். கால்நடைகளை நடத்திச் செல்லும் ஒடுங்கிய வழிகளில் அவை ஏன் தயங்கி நிற்கின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், வேலியில் கிடக்கும் துணி போன்ற, பிறர் கண்ணிற்படாத நுண்பொருள்களே காரணம் என்று கண்டு, அதற்கேற்பக் கட்டமைப்புகளை வரைந்தளித்தார். அவர் செய்தது முழுவதும் புறவுலகை உற்றுநோக்கியதே. இத்தகைய ஒருவரைப் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று மொழிபெயர்த்தால் மூலத்துக்கு நேர்மாறான பொருள் விளையும். அகம், புறம் என்னும் பாகுபாட்டை இலக்கியக் கொள்கையாகவே வளர்த்தெடுத்த மொழியில் இத்தகைய கவனக்குறைவு நேர்ந்திருப்பது வியப்புக்குரியது.

ஆதலின் ‘ஆட்டிசம்’ என்னும் ஒலிபெயர்ப்பே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. தூய தமிழாக்கம் வேண்டுவோர் இதனை ஏற்கத் தயங்கலாம். பொருள் தெளியாத பிறமொழிச் சொல் எத்தீர்ப்பும் வழங்குவதில்லை என்னும் ஒரு நன்மை அதற்குண்டு.

47 ஆண்டுத் தாமதம்

உயர்கல்வி ஆசிரியர் ஆட்டிச வரலாற்றில் அண்மையில் வந்து சேர்ந்தவர் அல்லர். கானருக்கு அடுத்த ஆண்டே, 1944இல், வியன்னாவில் ஹன்ஸ் அஸ்பெர்கர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் அவர் இடம்பெறுகிறார். சிறுவயது முதல் நெடுங்காலம் அஸ்பெர்கர் கண்டுவந்த ஒருவர், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே நியூட்டனின் கணக்கீட்டில் ஒரு பிழையைக் கண்டறிந்து, பின்னர் வானியல் துறையில் ஆசிரியப் பதவி பெற்றார் என்று அக்கட்டுரை கூறுகிறது. ஆயின் அக்கட்டுரையைப் பற்றி லோர்னா விங் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியது 1981இல். ஊட்டா ஃபிரித்தின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சானது 1991இல். இடைப்பட்ட 47 ஆண்டுகளில் ஆங்கிலவழி உலகம் கானரின் குழந்தைகளை மட்டுமே ஆட்டிசமாகக் கண்டது. தமிழ் தன் சொற்களைப் பெற்றுக்கொண்டது அவ்வுலகிலிருந்தே. மொழிபெயர்ப்பு ஒன்று காலந்தாழ்ந்தமையால் ஒரு மாந்தவகையே கண்ணுக்குப் புலப்படாது போயிற்று எனல் மிகையாகாது.

அஸ்பெர்கரைச் சான்றாகக் கொள்வோர் அவர்தம் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. வியன்னாவின் ஆம் ஸ்பீகல்குருண்ட் நிலையத்தில் நாட்சி ஆட்சியின்போது ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்டனர். அங்குக் குழந்தைகள் அனுப்பப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு என்பதை ஹெர்விக் செக், எடித் ஷெஃபர் ஆகியோரின் 2018ஆம் ஆண்டு வெளியீடுகள் எடுத்துக்காட்டின. பேராசிரியராகத் தகுந்தவர் எவர், தகாதவர் எவர் என்று தரம் பிரித்த கையே அதனையும் செய்தது என்பது நினைவிற்குரியது.

இறந்தோரை இவ்வகையுள் அடக்கும் முயற்சிகளும் உண்டு. மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2004இல் வெளியிட்ட நூலில் விட்கென்ஸ்டைனுடன் சீனிவாச இராமானுசனும் ஆராயப்படுகிறார். தமிழர் மகிழ்ந்து மேற்கோள் காட்டக்கூடிய இச்செய்தி ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று. கும்பகோணத்து வைதிகக் குடும்பத்து இளைஞர் ஒருவரின் உணவுக் கட்டுப்பாட்டையும் கூச்சத்தையும் கேம்பிரிட்ஜின் பின்புலத்தில் வைத்துப் பார்க்கும்போது, பண்பாட்டு வேறுபாடே நோய்க்குறியாகத் தோன்றக்கூடும். 1918இல் டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினரான அவர் 1920இல் மறைந்தார். அவரை மறுத்துரைக்க இயலாத சான்றாகப் பயன்படுத்துவதனால் இன்று வாழும் ஆசிரியர் எவர்க்கும் பயன் விளைவதில்லை.

திணை

தமிழில் ஆட்டிசம் பற்றிய எழுத்துகளின் எழுவாய் பெரும்பாலும் ‘குழந்தை’ என்னும் சொல்லே. பெற்றோர்க்கு வழிகாட்டும் நோக்கில் எழுதப்பெற்றனவாகலின் இது இயல்பே, யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ போன்ற நூல்கள் அத்தேவையை நிறைவு செய்து நற்பணி ஆற்றியுள்ளன. இங்கு நோக்கத்தக்கது சொல்லின் இலக்கண விளைவு. ‘குழந்தை அழைத்தால் திரும்பாது’, ‘குழந்தை கண்ணைப் பார்க்காது’ என்று வினைமுற்று அஃறிணையில் முடியும். இது இழிவு கருதியதன்று. தொன்றுதொட்டு வரும் மரபு. உயர்திணைப் பொருளை உணர்த்தியும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் 18ஐத் தொல்காப்பியக் கிளவியாக்கம் தொகுத்துரைக்கிறது. மகவு, குழவி என்பன அவற்றுள் அடங்கும். இயல்பு திரிந்தோரைக் குறிக்கும் பெயரும், குருடு போன்ற உறுப்புக் குறையால் வரும் பெயரும் அதே நூற்பாவில் அவற்றோடு ஒருங்கே வைக்கப்பட்டிருத்தல் கருதற்பாலது. இளமையும் குறையும் ஒரே இலக்கண நிரலில் நின்றமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், குழந்தையைப் பற்றிய அஃறிணை வாக்கியங்களில் மட்டுமே பழகிய ஒரு பொருளை ‘பேராசிரியர் கூறினார்’ என்னும் உயர்வுப்பன்மை வாக்கியத்துக்கு மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர் முன்மாதிரியின்றித் தடுமாறுகிறார்.

ஆங்கிலத்தில் இப்பொருள் பற்றி நிகழும் விவாதம் வேறு. மனிதரை முன்வைத்து ஆட்டிசத்தைப் பின்வைப்பதா, ஆட்டிசத்தைப் பெயரடையாக முன்வைப்பதா என்பது அங்கு வினா. ஆட்டிசமுடையோர் பலர் பின்னதையே விரும்புகின்றனர். தமிழில் இவ்விவாதத்தை அப்படியே பெயர்த்தல் இயலாது. அடை முன்னும் தலைச்சொல் பின்னும் நிற்பதே தமிழ்த் தொடரமைப்பு. ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்றாலும் ‘ஆட்டிசப் பேராசிரியர்’ என்றாலும் மனிதர் இறுதியிலேயே வருவார். ஆதலின் வரிசை பற்றிய அறிவுரையைத் தமிழில் எழுதுவது பொருளற்றது. தமிழில் பொருள் வேறுபடுத்துவது இடைநிற்கும் சொல்லே. ‘ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்பதில் செயப்பாட்டுவினை ஒருவரை விபத்துக்கு உள்ளானவராக்குகிறது. ‘ஆட்டிசமுடையவர்’ என்பதோ ‘அறிவுடையவர்’, ‘பொருளுடையவர்’ என்பனவற்றோடு ஒத்து நிற்பது. உடைமையைச் சொல்வதன்றி அதனை நன்று தீதென்று கூறுவதில்லை. ‘ஆட்டிசமுடைய பேராசிரியர்’ என்று விரித்துரைப்பின் முதற்கண் சுட்டிய கவர்பொருளும் நீங்கிவிடும். நீளம் கருதி இதனைத் தொகையாகச் சுருக்குவோர் தம்மையறியாமல் அவரைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுகின்றனர்.

செவ்வாயும் அந்தமானும்

கிராண்டின் தம்மைச் செவ்வாய்க் கோளில் வந்திறங்கிய மானிடவியலாளரோடு ஒப்பிட்டுக் கூறினார். ஆலிவர் சாக்ஸ் 1993இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கும், 1995இல் வந்த தொகுப்புக்கும் அவ்வுவமையே பெயராயிற்று. இவ்வுவமையில் உற்றுநோக்குபவர் ஆட்டிசமுடைய பேராசிரியர். விளங்காத வழக்கங்களைக் கொண்ட அயலினத்தார் ஏனையோர். இத்தலைப்பினைத் தமிழில் பெயர்ப்போர், வேற்றுக்கோளிலிருந்து வந்தவர் என்று அவரையே அயலாராக்கிவிடுதல் கூடாது.

உவமையின் பொருத்தத்தை அறிய மானிடவியல் தன் தொடக்க காலத்தில் சென்றிறங்கிய தீவுகளை நோக்குதல் வேண்டும். ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் களப்பணி செய்து 1922இல் நூல் வெளியிட்டார். நெடுநாள் பிரிந்திருந்த உறவினர் மீண்டும் சந்திக்கும்போது ஒருவரையொருவர் தழுவியமர்ந்து உரக்க அழும் வழக்கத்தை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். வேண்டும்போது அவர்களால் கண்ணீர் பெருக்கி அழ முடிந்தது என்பதையும் குறித்துள்ளார். அவ்வழுகை துயரத்தின் வெளிப்பாடன்று; சமூகப் பிணைப்பை உறுதி செய்யும் சடங்கு என்பது அவர் முடிவு. அம்முடிவை எட்டிய அவர் அத்தீவு மொழிகளைப் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. இந்துஸ்தானியின் துணையும் மொழிபெயர்ப்பாளரின் துணையும் அவருக்குத் தேவைப்பட்டன. விதி தெரியாதவர் விதியை உய்த்துணர்ந்து எழுதிவைத்த நூல் அது. வணங்கும் முறையும் முகக்குறிப்பும் இயற்கை என்று எண்ணியிருப்பவர்க்கு அவை மரபே என்று காட்டியதே அதன் பயன். ஆட்டிசமுடையவர் அன்றாடம் துறையறையில் செய்வதும் அத்தகைய களப்பணியே. மானிடவியலாளர் அதனை நூலாக்கிப் பதவி உயர்வு பெறுகிறார். இவர் அதனை மறைத்து வைத்தால்தான் பதவியில் நிலைக்க முடிகிறது.

அளவுகோல்

இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிடும் அளவுகோல் 40 கூற்றுகளும் 6 பகுதிகளும் கொண்டது. செகந்திராபாத்தில் அமைந்த தேசிய நிறுவனம் ஒன்றின் ஆக்கம். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 70க்குக் கீழ்ப்பட்டால் ஆட்டிசம் இல்லை எனக் கொள்ளப்படும். கண்ணோடு கண் நோக்காமை, சமூகப் புன்னகையின்மை, பொருந்தாத உணர்ச்சி வெளிப்பாடு, எதிரொலிப் பேச்சு, மூவிடப்பெயர் பிறழ்ச்சி, பேச்சின் உட்பொருளை உணராமை என்பன அக்கூற்றுகளுட் சில.

இவற்றைத் தமிழாக்குவது வெறும் சொல்மாற்றுப் பணியன்று. மூவிடப்பெயர் பிறழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் குழந்தை ‘நான்’ என்னுமிடத்தில் ‘நீ’ என்றால் பிறழ்ச்சி வெளிப்படையாகத் தெரியும். தமிழில் எழுவாய் தோன்றாமலேயே வாக்கியம் முற்றுப்பெறும். இடத்தை வினைமுற்றின் விகுதி உணர்த்தும். மேலும், தாய் தன் குழந்தையிடம் ‘அம்மா தருகிறேன்’ என்று படர்க்கைப் பெயரைத் தன்மை வினையோடு முடிப்பது நல்ல தமிழ். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாட்டில் நிகழும் தடுமாற்றத்தைப் பற்றிக் கூற ஆங்கில மூலத்துக்கு வழியே இல்லை. எனவே விகுதி மயக்கம் என்று இதனைத் தமிழுக்கு ஏற்ப மாற்றியமைத்தாலன்றி மதிப்பெண்ணின் பொருள் ஐயத்துக்குரியதாகும். பொருளற்ற சொல்லை ஆளுதல் என்னும் கூற்றும் அத்தகையதே; ‘புலி கிலி’ என்பதில் பின்னது தனித்துப் பொருள் தராது, ஆயினும் தமிழர் யாவரும் ஆளுவது. கண்ணோடு கண் நோக்குதலோ ஆசிரியர் முன் மாணவர் தவிர்க்க வேண்டிய ஒன்றாகப் பல குடும்பங்களில் இன்றும் பயிற்றப்படுகிறது.

வளர்ந்த ஓர் ஆசிரியரை இவ்வளவுகோலால் அளக்கும்போது பிறிதொரு முரண் எழுகிறது. ஒரே பொருளில் இடையறாது ஆழ்ந்திருத்தல் இங்குக் குறை. முனைவர்ப் பட்ட ஆய்வில் அதுவே தகுதி. ஒருவர் மட்டும் ஒரு மணி நேரம் ஒரே பொருள் பற்றிப் பேசுவதை உரையாடல் குறைபாடு எனலாம். கல்லூரியில் அதன் பெயர் விரிவுரை. உண்மையான இடர்ப்பாடு வகுப்பறைக்கு வெளியே உள்ளது: முன்னறிவிப்பின்றி மாறும் கால அட்டவணை, பலரும் ஒருங்கே பேசும் துறைக்கூட்டம், மின்விசிறியின் இரைச்சல், குறிப்பாற் சொல்லப்படும் மறுப்பு. முதல்வர் ஒருவர் ‘பார்க்கலாம்’ என்றால் அது இசைவா மறுப்பா என்பதை எந்த அகராதியும் கூறாது. ‘போய் வருகிறேன்’ என்று விடைபெற்றவர் அன்றே திரும்பி வருவார் என எதிர்பார்ப்பவரை உலகம் நகைக்கும். அவர் இலக்கணப்படி பிழை செய்தவரல்லர்.

பணித்தேர்வு முறை இவ்விடர்ப்பாட்டை மிகுவிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர் தேர்வில் கல்வித்தகுதிக்கான மதிப்பெண்ணை நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, இறுதித் தேர்வினை நேர்காணலையே சார்ந்ததாக்கின. சட்டமோ மெல்ல வந்து சேர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயரிட்டுக் கூறியது, ஆயின் அது காப்பாளர் அமர்த்துவது பற்றியே மிகுதியும் பேசியது. 2016ஆம் ஆண்டுச் சட்டமே 21 வகைகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்து, அரசுப் பணிகளில் ஒதுக்கப்பட்ட 4 விழுக்காட்டில் ஒரு விழுக்காட்டை வேறு சில வகைகளோடு பகிர்ந்துகொள்ளச் செய்தது. காப்பாளர் தேவைப்படுபவர் என்பதிலிருந்து அரசுப் பணிக்குரியவர் என்பதற்குச் சட்டம் வர 17 ஆண்டுகள் ஆயின. அவ்வொதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமெனில் குழந்தைகளையும் இளைஞரையும் மனத்திற்கொண்டு வகுத்த அளவுகோலில் முதலில் தேர்ச்சி பெறல் வேண்டும். பின்னர் நேர்காணலில் அத்தேர்ச்சியின் சாயல் சிறிதும் தோன்றாமல் காத்துக்கொள்ளல் வேண்டும்.

தீவு வகுப்பறை

போர்ட் பிளேரில் 1967இல் ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி தொடங்கப்பெற்றது. (அந்நகர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.) தீவுகளின் மாணவர்கள் வங்காளம், தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், நிக்கோபாரி முதலிய வீட்டுமொழிகளைப் பேசுவோர். தமிழரிலும் தமிழகத்திலிருந்து நேரே குடியேறியோரும், பர்மாவிலிருந்து வந்தோரும், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரும் உளர். வீதியில் இணைப்புமொழி இந்தி. பாடநூலின் மொழி ஆங்கிலம்.

இத்தகைய வகுப்பில் குறிப்புமொழி எவருக்கும் பொதுவன்று. தஞ்சைப் பகுதியில் ஒரு புருவ அசைவில் விளங்கும் செய்தி கார் நிக்கோபாரிலிருந்து வந்த மாணவருக்கு எட்டாது. ஆகவே, சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லி, விதியை விதியென்றே எழுதிக்காட்டி, சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருளே கொள்ளும் ஆசிரியர் இங்குக் குறையுடையவராகத் தோன்றார். ஒருமொழிச் சூழலில் விறைப்பு எனப்படுவது பன்மொழிச் சூழலில் தெளிவு எனப்படும். துறையறையில் இந்நன்மை நீளாது என்பதும் உண்மை. ‘பார்க்கலாம்’ என்பதற்கு நிகராக இந்தியில் ‘தேக்கேங்கே’ உண்டு, அதன் உட்பொருளும் அதே அளவு மறைவானதே. இயலாமை ஒருவரது உள்ளத்தில் மட்டும் உறைவதன்று, இருவர்க்கிடையே விளைவது என்பதற்கு ஒரே கல்லூரியின் இவ்விரு அறைகளும் சான்றாகும்.

இக்கருத்தினைக் கோட்பாடாக வகுத்தவர் டேமியன் மில்டன். ஆட்டிசமுடைய இச்சமூகவியலாளர் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்டிசமுடையோர் பிறரை உணர்வதில்லை எனின் பிறரும் அவர்களை அவ்வாறே உணர்வதில்லை என்று வாதிட்டார். இரு மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்புப் பிழைத்தால் மூலமொழிக்குப் பொருளே இல்லை என்று கூறும் மொழியியலாளர் எவருமிலர் என்னும் ஒப்புமை இவ்விதழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். கேத்தரின் கிராம்டனும் பிறரும் 2020இல் நடத்திய ஆய்வில், ஆட்டிசமுடையோர் தமக்குள் செய்தியைக் கைமாற்றும்போது ஏனையோர்க்கு நிகராகவே செய்தனர்; இருசாராரும் கலந்த வரிசையில்தான் செய்தி மிகுதியாகத் தேய்ந்தது. அக்குழுவினரே 2025இல் வெளியிட்ட, பங்கேற்றோர் மிகுந்த ஆய்வில் கலப்பு வரிசையின் அத்தேய்வு தென்படவில்லை. ஆதலின் மில்டனின் கருத்தினை நிறுவப்பட்ட விதியாகத் தமிழில் எழுதுவது அவசரமாகும்.

அக்கோட்பாட்டின் பெயரையே எவ்வாறு தமிழாக்குவது என்பதும் எண்ணத்தக்கது. மூலத்தில் உள்ள எண்ணடையை நோக்கி ‘இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்’ எனலாம். ‘இரட்டை வரி’, ‘இரட்டைச் சுமை’ என்பன போல் அது ஒருவர் மீதே இருமடங்காக ஏறிய சிக்கல் என்று பொருள்படக்கூடும். அவ்வொருவர் யார் என்பதில் வாசகர்க்கு ஐயமிராது. ‘இருவழி ஒத்துணர்வுச் சிக்கல்’ என்பது எண்ணுப்பெயரை ஓரளவு இழந்தாலும் திசையை இழப்பதில்லை.